வலைக்குள்ளே

அவர்கள் வேலை பார்த்த புதுக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஒரே ஒரு கொசுவலைதான் இருந்தது. அதை இரண்டாய் மடித்துப் பிள்ளையின் தூளிமேல் போட்டிருந்தாள் அஞ்சலை. பாயில் அவள் புருஷன் முனிரத்தினம் காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கிடந்தான். பார்க்க வந்த நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வலையைக் கழட்டி மொதல்ல அவருக்குப் போடும்மா. காய்ச்சல் இப்பிடி அடிக்கிறப்பதான் ரத்தத்துல கிருமி நெறைஞ்சு கெடக்கும். இப்ப அவரு ரத்தத்தைக் குடிக்கிற கொசுதான் கொஞ்ச நாள் கழிச்சு உம் புள்ளையைக் கடிக்கும்."

பிள்ளையைத் திறந்துபோட அஞ்சலைக்குக் கை வரவில்லை. "என்னைய என்ன புதுப்பொண்ணாட்டம் மூடி வைக்கப் போறியா?" என்று முனகினான் அவன். ஆனாலும் கழற்றிக்கொண்டுவந்து அவன்மேல் கட்டி, ஓரங்களைப் பாய்க்கடியில் செருகினாள். பிறகு தூளியருகே உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

வெயில் ஏறியதும் அவன் தண்ணீர் கேட்டான். செம்போடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வலையின் உட்பக்கம், அவன் முகத்துக்கு நேரே, வயிறு சிவந்து உப்பிய கொசு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"குடுடி, நாக்கு ஒட்டுது."

ஓரத்தைக் கொஞ்சமாய்த் தூக்கிச் சட்டென்று உள்ளே நுழைந்து, தனக்குப் பின்னால் இறுக்கிச் செருகினாள். நிமிர்ந்து பார்த்தபோது கொசுவைக் காணவில்லை. வெளியே பிள்ளை வீறிட்டது.

"அழுவுது பாரு, போய்த் தூக்கு."

"இருய்யா, எங்க போச்சுன்னு தெரியல" என்றபடி அவள் வலையின் மூலைமூலையாகத் தடவிக்கொண்டிருந்தாள்.