சூடு ஆறாத சக்கரம்

"நான் அலாய் வீலைத் தேய்ச்சா, ஆறு வருஷமா பேசாத உங்கண்ணனே வாயைத் திறப்பாரு!" என்றார் ரிட்டயரான தபால்காரர்.

"ரீல் விடாதீங்க. நான் அழுதே பேசாத மனுஷன்," என்ற மனைவி, அடுத்த வீட்டு ஜன்னலை ஏக்கத்தோடு பார்த்தாள்.

அவர் வாளியோடு தெருவுக்குப் போனார். வாசலோரம் நின்ற காரின் சக்கரத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, அதில் படிந்த பிரேக் தூசியை, ஆயிரம் யானைகளைக் குளிப்பாட்டுகிற வேகத்தில் தேய்த்தார்.

அடுத்த வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

"யோவ் மாப்ள, விடுய்யா என் காரை! இப்பத்தான் ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். சூடு ஆறாம சோப்பு போட்டா கறை பிடிச்சிடும்யா! ஏம்மா தங்கச்சி, நீயாவது சொல்லக் கூடாதா?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒத்துக்கிறேங்க... அண்ணன் பேசிட்டாரு."