இன்னொரு ஹீட்டர்

"ஆண்டவரே, எனக்கு இன்னொரு ஹீட்டர் வேணும்."

கண்ணை மூடி நின்றிருந்த கணக்கு டீச்சருக்கு ஒரு கண் தானாகத் திறந்துகொண்டது.

வேறு யார்? டிராயிங் டீச்சர்தான். போன வாரம்தானே ஒரு ஹீட்டர் கேட்டாள்? பாட்டு மிஸ்கூடத் தன் வீட்டிலிருந்த, மூலை நசுங்கின பழைய ரூம் ஹீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாளே?

அந்தக் கிறிஸ்தவப் பள்ளியில் முதல் மணி அடிக்கும் முன் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் ஸ்டாஃப் ரூமில் வட்டமாக நின்று, அவரவர் தேவையை வாய்விட்டுச் சொல்லி ஜெபிப்பது வழக்கம். மாமியாருக்கு மூட்டு வலி, மகனுக்குப் பரீட்சை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். டிராயிங் டீச்சர் மட்டும் மளிகைக் கடையில் நிற்கிற மாதிரி கேட்பாள். போர்வை, கட்டில், சின்ன மேஜை. இரண்டொரு நாளில் யாராவது கொடுத்தும் விடுவார்கள்.

கணக்கு டீச்சர் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கணவருக்கு இன்னும் விசா வரவில்லை. ஆறு வயசுப் பாப்பாவோடு தனியாக வந்து இறங்கினாள். வகுப்பில் பிள்ளைகள் பேசுகிற வேகத்தில் பாதி புரிவதில்லை. குளிரோ, கேட்கவே வேண்டாம். ஆனாலும் யாரிடமும் ஒரு தீப்பெட்டி கேட்டதில்லை, அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. நல்லவேளையாகப் பள்ளிக்கூடம் தன் வளாகத்திலேயே கொடுத்த வீட்டில் கட்டில், போர்வை, மேஜை, ஹீட்டர் எல்லாம் இருந்தன. மேஜைக் காலில் பச்சைப் பெயிண்ட் சிந்தியிருந்ததுதான் ஒரே குறை.

"இத்தனை வருஷமா சம்பளம் வாங்கறா, வீட்டுல ஒரு போர்வைகூடவா இருக்காது? ஆண்டவர் பேரைச் சொல்லிக் கையேந்தறா" என்று போனில் கணவரிடம் பொரிந்து தள்ளியிருந்தாள்.

"நமக்கெதுக்கு ஊர் வம்பு? பாப்பா எப்படி இருக்கா?"

"அந்தம்மா வீடே கதின்னு கிடக்கா. பக்கத்து வீடாப் போச்சே."

அங்கேதான் சிக்கல். வந்ததிலிருந்து வெளியாட்களிடம் வாயே திறக்காத பாப்பா, டிராயிங் டீச்சரிடம் மட்டும் லொடலொடவென்று பேசினாள். தினமும் சாயங்காலம் அங்கே போய்ப் படம் வரைவாள். நேற்று வந்து, "அம்மா, கலர் பென்சில் வேணும்னு நானும் ஜெபம் பண்ணினா யாராவது தருவாங்களா?" என்று கேட்டாள்.

கணக்கு டீச்சருக்குச் சுருக்கென்றது.

"இனிமே அந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது."

பாப்பா அழுதாள். சாப்பிடாமலே படுத்துவிட்டாள். போதாக்குறைக்கு வீட்டு ஹீட்டரும் நேற்றுப் பார்த்துத்தான் மண்டையைப் போட்டது.

இப்போது கணக்கு டீச்சரின் முறை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆண்டவரே, இருக்கிறது போதும்ங்கிற மனசை எங்களுக்குக் கொடும். அடுத்தவங்க பொருளுக்கு ஆசைப்படறவங்களைத் திருத்தும்."

அது யாருக்கு என்று அங்கே எல்லாருக்கும் புரிந்தது. பாட்டு மிஸ் தரையைப் பார்த்தாள்.

"ஆமென்" என்ற குரல்களில் டிராயிங் டீச்சரின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

எருமைத் தோல் என்று நினைத்துக்கொண்டாள் கணக்கு டீச்சர்.

இடைவேளையில் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், எங்க வீட்டு ஹீட்டர் ஓடலை. ஸ்கூல் ஹீட்டர்தானே, ரிப்பேர் பண்ணித் தர முடியுமா? இதையெல்லாம் ஜெபத்துல கேக்கறது எனக்குப் பழக்கமில்லை."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஸ்கூல் ஹீட்டரா? நாங்க நாலு சுவரும் சாவியும்தாம்மா கொடுப்போம். சாமான் எல்லாம் அவங்கவங்க பொறுப்பு."

"அப்போ அந்தக் கட்டில், மேஜை?"

"சின்னப் பிள்ளையோட வர்றாங்களே, காலி வீட்டுல எங்க படுப்பாங்கன்னு டிராயிங் டீச்சர்தான் தன் வீட்டுல இருந்ததையெல்லாம் தூக்கிட்டு வந்து போட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க, நீங்க சங்கடப்படுவீங்களாம். அப்புறம் வெறுந்தரையில படுத்துக்கிட்டு, தனக்கு ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டிருந்தாங்க. இன்னைக்கு உங்க ஜெபத்தைக் கேட்டப்புறம் என்னாலதான் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை."

மேஜைக் காலில் இருந்த பச்சைப் பெயிண்ட் கணக்கு டீச்சரின் கண் முன்னால் வந்தது. நின்ற இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

வாசலில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். டிராயிங் டீச்சர்தான், இரண்டு கையிலும் ஒரு ஹீட்டரை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அதன் மூலை நசுங்கியிருந்தது.

"இங்கதான் இருக்கீங்களா டீச்சர்? உங்க வீட்டுல ஹீட்டர் ஓடலைன்னு காலைல ஸ்கூல் வாசல்ல பாப்பா சொன்னா. ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல இது சும்மாத்தான் கிடந்துச்சு. இல்லையா சார்?"

தலைமையாசிரியர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணக்கு டீச்சர் ஹீட்டரை வாங்கிக்கொண்டாள். நசுங்கின மூலையை ஒருதரம் தடவிவிட்டு, டிராயிங் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நானும் உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

டிராயிங் டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது.

"தாராளமா வாங்க. ஆனா ரெண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வாங்க. என் வீடு இன்னைக்குக் கொஞ்சம் குளிரும்."