படம் வராத கட்டம்

கணினி வகுப்பின் ஜன்னல் திரை ஓரமாக விலகி, மூன்று மணி வெயில் கீபோர்டில் படிந்த தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. தன் முதல் வலைப்பக்கத்தைத் திறந்துவிட்டு, விரல்களில் சொடக்கெடுத்தபடி அவள் காத்திருக்கிறாள். தலைப்பு வருகிறது, பின்னணியில் நீலம் வருகிறது, படம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெறும் கட்டம் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பளிச்சென்று தெரிந்த படம்தான். "வேற எப்படி வரும்? உன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்கிற படத்தோட விலாசத்தைக் கொடுத்திருக்கே. அது அங்க மட்டும்தான் தெரியும்" என்று பக்கத்து நாற்காலித் தோழி சிரிக்கிறாள். கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. படம் வராவிட்டால் படிக்க ஏதாவது எழுதி வையுங்கள் என்று டீச்சர் சொன்னதற்காக, கடனே என்று அவள் தட்டி வைத்த வரி: மொட்டைமாடியில் அம்மா துணி காயப்போடுகிறாள். போன வருஷம் தவறிப்போன அம்மா. வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு, "படமெல்லாம் அப்புறம் எடுக்கலாம், இந்தப் போர்வையோட அந்த நுனியைப் பிடி" என்று பல்லிடுக்கில் அதட்டிய அம்மா. அவள் நுனியைப் பிடிக்கவில்லை, படம்தான் எடுத்தாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த டீச்சர் இப்போது அவள் தோளுக்கு மேல் குனிந்து அந்த வரியைப் படிக்கிறார். "எங்கேம்மா, அம்மாவைக் காணோம்?" அவள் கட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள். "வீட்டுலயே இருக்காங்க, டீச்சர்."