முகம் பார்க்காத வாத்தியார்

இங்கிலீஷ் பாடத்தில் அரங்கநாதன் வாத்தியார் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். அவர் கண் யார்மேல் நிற்கிறதோ, அவர்கள் எழுந்து வாசிக்க வேண்டும்.

பூமாலை என்ற பெண் மேல் அது நின்றதே இல்லை.

1946. அந்த வருஷம்தான் அவள் குடும்பம் கோலியனூர்ச் சேரியிலிருந்து திண்டிவனத்துக்கு மல்லாட்டை மண்டியில் கடலை உரிக்கும் வேலைக்கு வந்திருந்தது. அப்பா பெயரும் ஊரும் ரிஜிஸ்டரில் ஏறி, ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில் அவள் ஒவ்வொரு பாடத்தையும் நெட்டுருப் போட்டுக்கொண்டு வருவாள். வாத்தியாரின் பார்வை பக்கத்துப் பெண் வரைக்கும் வரும். பிறகு ஜன்னலுக்குத் தாவிவிடும்.

ஐப்பசி மழை பிடித்தபோது அவள் புத்தகத்தைத் திறப்பதையே விட்டிருந்தாள்.

அப்பா பச்சைமுத்து பள்ளிக்கூடத்திலிருந்து பெயரை எடுக்க வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மகளோடு ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றார்.

"'வாத்தியாரு என் மொகத்தப் பாக்கவே மாட்டேங்கறாரு, நான் மக்குப் புள்ளயா நைனா?'ன்னு அழுவுதுங்க. மண்டிக்கே கூட்டிக்கினு போயிடறேன்."

ஹெட்மாஸ்டருக்குக் கோபம் வந்தது. அரங்கநாதனை வரச் சொன்னார்.

"சேரிப் பொண்ணுன்னுதானே பாக்கறதில்ல? ஜில்லா போர்டுக்கு எழுதினா உமக்கு வேலை இருக்காது, தெரியுமா?"

அரங்கநாதன் தரையைப் பார்த்தபடி நின்றார். சாக்பீஸ் படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஹெட்மாஸ்டர் பச்சைமுத்து பக்கம் திரும்பினார். "இவரோட உனக்கு ஏதாவது பழைய தகராறா?"

பச்சைமுத்து அப்போதுதான் நிமிர்ந்து வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இல்லீங்க. இவர இன்னைக்கித்தான் பாக்குறேன்."

பிறகு, "பேரு எடுக்க வேணாங்க. புள்ள படிக்கட்டும்" என்றார். மகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி நடந்தார்.

படியிறங்கும்போது அவருக்குக் கால் இடறியது. அரங்கநாதன் ஓரடி எடுத்து வைத்தார். ஹெட்மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கநாதன் அப்படியே நின்றுவிட்டார்.

அரங்கநாதனுக்குக் கோலியனூர்ச் சேரியில் பெற்றவர்கள் வைத்த பெயர் மண்ணாங்கட்டி. தான் மூன்றாம் வகுப்போடு நின்று, மாடு மேய்த்த கூலியில் அவரைப் படிக்க வைத்தவர் அண்ணன் பச்சைமுத்து. வேலை தேடிப் போன தம்பி பத்து வருஷமாகத் திரும்பாததால், எங்கேயோ செத்துப்போனான் என்று மொட்டை போட்டுக் காரியமும் செய்து முடித்தவர்.