எல்லாருக்கும் வெள்ளை

முதியோர் இல்லத்து முற்றத்தில் துணி அவிக்கும் செம்பு அண்டா கொதிக்கிறது. சோடா உப்பின் காரம் மூக்கில் ஏறுகிறது. ‘இது உங்கள் வீடு’ என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள், திருக்கொச்சி அரசாங்க அதிகாரிகள் வந்தால் வாசிக்க. நேற்று கணவரோடு வந்து சேர்ந்த சண்முகவடிவு அந்த எழுத்துக்குக் கீழே, இல்லத்தில் கொடுத்த இரணியல் தறி வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். அவள் அவிழ்த்துப் போட்ட மாம்பழ நிறச் சேலை மேற்பார்வைக்காரி தங்கபாக்கியத்தின் கக்கத்தில் சுருண்டிருக்கிறது. அரக்குக் கரை மட்டும் வெளியே தொங்குகிறது. “எங்க அவிய அன்னா அந்தப் பக்கத்துல உயிரோட இருக்காவ, மக்கா. எனக்கு எதுக்கு வெள்ளை?” “இங்க எல்லாருக்கும் வெள்ளைதான் பாட்டி. சாயம் இறங்காது, ஒண்ணாப் போட்டு அவிக்க எளுப்பம்.” தங்கபாக்கியம் கோபப்படவில்லை. கிழவியின் கழுத்திலுள்ள மஞ்சள் கயிற்றைப் பார்த்து, “அது கிடக்கட்டு” என்று தாராளமாக அனுமதிக்கிறாள்.

கஞ்சி மணி அடிக்கிறது. ஆண்கள் கூடத்தின் கம்பி அழிக்கதவு திறந்து, அலுமினியத் தட்டுகள் உரசும் சத்தத்தோடு வரிசை வருகிறது. எல்லாரும் வெள்ளை வேட்டி. அவர்களுக்கு அதில் நட்டம் ஒன்றுமில்லை. மனைவியைத் தேடிக்கொண்டு வரும் பூதலிங்கத்தின் கண்கள் அவளைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, நிற்கின்றன. பின்னால் வருகிறவர் அவர் முதுகில் இடிக்கிறார். சண்முகவடிவு தாலிக்கயிற்றைச் சேலைக்கு மேலே எடுத்து விட்டுக்கொள்கிறாள். வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் கூச வைக்கிறது.

“ஏட்டி,” என்கிறார் அவர் மெல்ல, “நான் எப்பம் செத்தேன்?”