செம்புக் கம்பியில் கட்டிய பூ

டர்போ கார் இன்னும் சீறிப் பாயவேண்டுமென்று, காற்றிழுக்கும் குழாயையும் ஃபில்டரையும் பெரிதாக மாற்றச் சொன்னார் வண்டிக்காரர். மெக்கானிக் சவரிமுத்து பழைய ஃபில்டரைக் கழற்றினான். மடிப்பில் காய்ந்த கனகாம்பரம் சிக்கியிருந்தது. செம்புக் கம்பியில் கட்டிய பூ. பூக்கட்டும் நார் தீர்ந்துபோன அன்று, பழைய மோட்டார் காயிலைப் பிரித்து மனைவி அமலிக்கு அவன் கொடுத்த கம்பி. அந்தப் பூவோடு சாலையைக் கடந்தவளை அடித்துக் கொன்ற வண்டி நிற்கவே இல்லை. இன்றுவரை அகப்படவும் இல்லை.

“என்னப்பா, குப்பையா?”

“ஆமா சார்.”

பூவை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கம்பியைச் சுருட்டி, மணல் துகளைக்கூடப் பொறுக்காத டர்போ விசிறிக்குப் போகும் குழாய்க்குள் போட்டான். புது ஃபில்டரை மாட்டிக் கிளாம்பை இறுக முறுக்கினான்.

“இனி பறக்கும்ல?”

“நல்லா மிதிங்க சார். நானும் பாக்கணும்.”