சரிவில் நின்ற வண்டி

வேதகிரி வீட்டு வாசலில் பிக்கப் வண்டி ரோட்டைப் பார்த்தபடி சரிவில் நின்றது.

"இன்னாப்பா, செல்ஃப் எடுக்காதா? தள்ளி ஸ்டார்ட் பண்ணத்தான் இப்டி நிறுத்தி வெச்சிக்கீறியா?" என்றார் வாங்க வந்த மளிகைக்கடை காதர்.

வேதகிரி சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பலில் இன்ஜின் பிடித்தது.

காதர் மானாம்பதி வரை ஓட்டிப் பார்த்தார். அஞ்சு கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. வீட்டைச் சுற்றி வந்து அதே இடத்தில் ரோட்டைப் பார்த்தபடியே நிறுத்தினார்.

"ரிவர்ஸும் போட்டுப் பாத்துடறேன்."

"பின்னாடி பசங்க வெளையாடிக்கினு கீதுங்க பாய். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடப் போவுது."

அந்த அக்கறை காதருக்குப் பிடித்துப்போனது. விலை படிந்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இருங்க பாய், பழம் வெச்சி அனுப்பறோம்" என்று வேதகிரியின் மனைவி அம்முலு, முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தாள். வைத்துவிட்டாள் என்று நினைத்துக் காதர் ஹேண்ட் பிரேக்கை விட்டார். வண்டி உருண்டது. அலறல் கேட்டு பிரேக்கை மிதித்தபோது டயர் அவள் கைமேல் ஏறி நின்றிருந்தது.

"ரிவர்ஸ் எடு பாய்! பின்னாடி யாருமே இல்ல, எடு!" தெருவே கத்தியது.

காதர் கியரைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். கரகரவென்று அரைத்தது.

வேதகிரி மட்டும் கத்தவில்லை. ஆறு மாசமாக அந்த வண்டிக்கு ரிவர்ஸே கிடையாது.